முன்தேதியிட்ட கூரை

பாதிரிக்குளம் பேரூராட்சியில் கல்யாணமோ காதுகுத்தோ தேர்த் திருவிழாவோ எது நடந்தாலும் கூட்டத்துக்கு முன்னால் போவது வைரக்கண்ணு மாஸ்டரின் பேண்டு செட்தான். சிவப்புக் கோட்டு, தங்க நிறப் பட்டி, குஞ்சம் வைத்த தொப்பி. ஆட்கள் நாலே பேர். மாஸ்டருக்குக் கிளாரினெட், லூர்துசாமிக்கு டிரம்பெட், சன்னாசிக்குப் பெரிய டிரம், பக்கிரிக்கு ஜால்ரா. நாலு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும், கை நன்றாக ஓடும். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய சமாச்சாரத்தை மட்டும் கடவுள் கொடுக்க மறந்துவிட்டார். அவர்களும் விண்ணப்பித்து வாங்கவில்லை.

நால்வருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஊரார் கல்யாணங்களை எல்லாம் நடத்திவைத்த அலைச்சலில் சொந்தக் கல்யாணம் ஞாபகம் வரவில்லை. சேர்ந்து சம்பாதித்து, சேர்ந்து செலவழித்து, மிச்சத்தில் மேட்டுத்தெருவில் நால்வர் பெயரிலும் ஓர் ஓட்டு வீடு வாங்கிக் குடியிருந்தார்கள்.

போன ஐப்பசியில் அடித்த புயலில் அந்த வீட்டின் ஓடுகள், கைமரங்கள், சட்டம் எல்லாமே பறந்துவிட்டன. நாலு பேரும் கட்டிலுக்கடியில் படுத்துத் தூங்கியதால் ஒன்றும் ஆகவில்லை. காலையில் வெளியே தலையை நீட்டிப் பார்த்த பக்கிரி, யாரோ ராத்திரியோடு ராத்திரியாக மேலே நீலப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றான். அடித்த புண்ணியவான் யாராக இருக்கும் என்று அன்றைக்கெல்லாம் பேசினார்கள். மறுநாள் மழை பெய்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை, அதுதான் சொட்டுகிறது என்று மாஸ்டர் விளக்கம் சொன்னார். அந்தப் பெயிண்ட் தை மாதம்வரை காயவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். கூரை போய்விட்டது என்பது கடைசியில் இவர்களுக்கும் புரிந்தது. ஆனால் அதற்குள் பழகிவிட்டது. காற்றோட்டம் நன்றாக இருக்கிறது, நட்சத்திரம் தெரிகிறது, ஒட்டடை அடிக்கிற வேலை இல்லை என்று மூன்று நன்மைகளைச் சொல்லிச் சும்மா இருந்துவிட்டார்கள்.

ஆனி மாதம் பேரூராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. வீட்டு வரி பாக்கி இருக்கிறது, உடனே கட்டாவிட்டால் தங்களுடைய அசையும் சொத்துகள் ஜப்தி செய்யப்படும் என்று அதில் அச்சடித்திருந்தது. மாஸ்டர் அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். இரண்டாவது முறையும் அதே சேதிதான் வந்தது.

"அசையும் சொத்துன்னா என்ன மாஸ்டர்?" என்று சன்னாசி கேட்டான்.

"அசையிற சொத்து."

"அசையாம இருந்தா?"

"எடுக்க மாட்டாங்க. தெளிவா போட்டிருக்கானே. சட்டம் போட்டவன் நியாயமான ஆளு, தப்பிக்க வழி விட்டுத்தான் எழுதியிருக்கான்."

உடனே வீட்டிலிருந்த பொருட்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்கள். தள்ளினால் எல்லாமே அசைந்தன. நால்வரும் கலங்கிப்போனார்கள். கடைத்தெருவுக்குப் போய் ஆணியும் கயிறும் வாங்கிவந்து வேலையில் இறங்கினார்கள். கட்டில்களைத் தரையோடு அறைந்தார்கள். டிரம்பெட்டைச் சுவரில் ஆணி வைத்து அடித்தார்கள். சன்னாசி தன் டிரம்மின் மரச்சட்டத்தைப் பெஞ்சோடு சேர்த்து ஆணி அடித்து, பெஞ்சைத் தூணோடு கட்டினான். அண்டாவில் தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது, அதைக் கொட்டிவிட்டார்கள். கொல்லையில் ஒரு வாழைமரம் காற்றுக்கு அசைந்துகொண்டிருந்தது. அதற்கு நாலு பக்கமும் முட்டுக்கொடுத்து, ஒவ்வோர் இலையையும் தனித்தனியாகக் கட்டினார்கள்.

இதற்கு நடுவில் ஒரு கல்யாணம் வந்துவிட்டது. மாப்பிள்ளை அழைப்புக்கு வர முடியாது, டிரம் இப்போது அசையாச் சொத்து என்று மாஸ்டர் சொல்லி அனுப்பினார். முன்பணம் கொடுத்தவர்கள் என்ன செய்வார்கள்? மாப்பிள்ளை ஏறிய காரை இவர்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். உள்ளே இவர்கள் வாசிக்க வாசிக்க, மாப்பிள்ளை வெளியே காரில் உட்கார்ந்து, தான் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டார்.

வரி வசூலுக்கு வரப்போகிறவர்களை எண்ணி இவர்கள் காத்திருந்தபோது பக்கிரிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மாஸ்டர், நாமளும் அசையிறோமே."

"நாம சொத்து இல்லடா."

"எங்கம்மா என்னைத்தான் அதோட சொத்துன்னு சொல்லும்," என்றான் லூர்துசாமி.

மாஸ்டர் யோசித்தார். தாய் வாக்கு பொய்யாகாது. ஆகவே ஆள் வரும்போது நால்வரும் அசையாமல் இருப்பதென்று முடிவாயிற்று.

வந்தவர் பேரூராட்சியில் வரிப் பிரிவு எழுத்தர் மங்கையர்க்கரசி. பொறுமைசாலி. பல வருஷம் பொதுமக்களோடு பழகி எதற்கும் ஆச்சரியப்படாத பக்குவம் வந்துவிட்டவர். உள்ளே நாலு பேர் சிவப்புக் கோட்டோடு சிலையாக நிற்பதைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை. அண்ணாந்து பார்த்தார். ஆகாயம் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து லூர்துசாமி தும்மிவிட்டான். கூரை போனதிலிருந்தே அவனுக்குச் சளி.

மாஸ்டர் உதடு அசையாமல் சொன்னார். "அசைஞ்சது அவன் மட்டும்தான் மேடம். அவனை மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க."

மங்கையர்க்கரசி லூர்துசாமியை எடுத்துக்கொண்டு போகவில்லை. தூணோரம் உட்கார்ந்து, அசையும் சொத்து என்றால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாமான் என்று அர்த்தம், ஆணி அடித்தாலும் தூக்குவார்கள், பணம் கட்டாவிட்டால் முதலில் அந்த டிரம்மைத்தான் தூக்குவார்கள் என்று எடுத்துச் சொன்னார். சன்னாசியின் முகம் செத்துப்போனது. ஆவணி பிறந்தால் வரிசையாக முகூர்த்தம். டிரம் இல்லாத செட்டை எழவு வீட்டுக்குக்கூட ஒருவனும் கூப்பிட மாட்டான்.

அவன் முகத்தைப் பார்த்து அந்தம்மாவுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். "கூரை போன வீட்டுக்கு வரி தள்ளுபடி உண்டுங்க," என்றார். "கூரை போட உதவித்தொகையும் உண்டு. போன ஐப்பசியிலயே கேட்டிருக்கணும். பரவாயில்ல, தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தா இப்பவும் முன்தேதியிட்டுக் கேக்கலாம். முதல்ல தள்ளுபடிக்கு வேண்டியதைப் பண்ணிட்டு ஆபீசுக்கு வாங்க."

அவர் போனதும் நால்வரும் வாசலில் கூடினார்கள்.

"தள்ளு, படி," என்றார் மாஸ்டர், ஒவ்வொரு சொல்லாக. "நம்ம வீட்டுக்குப் படி எத்தனை?"

"ஒண்ணுதான் மாஸ்டர்."

"அப்ப சுலபம்."

மேட்டுத்தெரு வீடுகளுக்கு அடித்தளம் இடுப்புயரம். வாசலில் கிடந்த கருங்கல் படி நாலு ஆள் கனம். அதை நால்வரும் சேர்ந்து முதுகு கொடுத்துத் தள்ளினார்கள். ஒரே தள்ளில் அது சாக்கடையில் போய் விழுந்தது. சாக்கடை அடைத்துக்கொண்டு, தண்ணீர் தெருவில் ஏறி, எதிர்ச்சாரியில் இருந்த இட்லிக் கடைக்குள் புகுந்தது. கடைக்காரர் என்னவோ சொல்லிக் கத்தினார். வரி தள்ளுபடி ஆகிறவர்களைக் கண்டால் கட்டுகிறவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும் என்று மாஸ்டர் பெருந்தன்மையாக இருந்துவிட்டார்.

ஆபீசுக்குக் கிளம்பும்போது பழக்கத்தில் படி இருந்த இடத்தில் காலை வைத்தார். படி இருந்த இடத்தில் படி இல்லை. அடுத்த கணம் மாஸ்டர் இருந்த இடத்தில் மாஸ்டரும் இல்லை. மற்ற மூவரும் அதுதான் இறங்கும் முறை என்று நினைத்து, அதே மாதிரி தலைகுப்புற இறங்கினார்கள்.

முழங்கை சிராய்ப்போடு வந்து நின்று, படியைத் தள்ளிவிட்டோம் என்று நால்வரும் சொன்னபோது மங்கையர்க்கரசி எந்தப் படி என்று கேட்கவில்லை. மனு எழுதும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஐப்பசியிலிருந்து முன்தேதியிட்டுக் கேளுங்கள், ஏன் தாமதம் என்று காரணம் எழுதுங்கள், நாளைக்கு நான் லீவு, பக்கத்து சீட்டில் கொடுங்கள் என்றார்.

எழுதுவதற்கு ஆபீஸ் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் பேனாவைத் திறந்தார். முன்தேதி என்ற இடத்தில் சிக்கல் வந்தது.

"முன்னாடி ஒரு பஸ் போகுதுன்னா அது எங்க போகுது?" என்று லூர்துசாமி ஆரம்பித்தான். "நமக்கு எதிர்ல போகுது. நாம இன்னும் அங்க போய்ச் சேரலை. அதனால முன்தேதின்னா இனிமே வரப்போற தேதி."

"அதெப்படி?" என்றான் சன்னாசி. "முன்னாடி எங்க தாத்தா இந்தத் தெருவுலதான் இருந்தாரு. அவரு செத்துப் போயிட்டாரே. முன்னாடின்னா போன காலம்தான்."

பக்கிரிக்கு இரண்டும் சரியாகப் பட்டது. ஜால்ரா போடுகிறவனுக்கு எப்போதுமே இரண்டு பக்கமும் சரியாகத்தான் படும். எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். மாஸ்டர் ஒரு டீ முழுவதையும் குடித்து முடித்தார்.

"சன்னாசி, உங்க தாத்தா செத்து எங்க போனாரு?"

"மேல."

"நாமளும் ஒரு நாள் அங்கதான போகணும்?"

"ஆமா."

"அப்ப அவரு நமக்கு முன்னாடி போயிருக்காரு. நாம பின்னாடி போறோம். பஸ்ஸும் முன்னாடி போகுது, உங்க தாத்தாவும் முன்னாடி போறாரு. ரெண்டும் ஒரே ரோடுதான். முன்தேதின்னா வரப்போற ஐப்பசி."

தாத்தா இன்னும் போய்க்கொண்டிருக்கிறார் என்று கேட்டதில் சன்னாசிக்குக் கண் கலங்கியது. மேற்கொண்டு வாதாடவில்லை.

வருகிற ஐப்பசி மாதம் அடிக்கப்போகும் புயலில் எங்கள் வீட்டுக் கூரை முழுவதும் பறந்துவிட்டபடியால், அன்று முதல் வரியைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தர வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம் என்று மாஸ்டர் மணிமணியாக எழுதினார். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், தாமதமே இல்லை, நாலு மாதம் முன்கூட்டியே வந்திருக்கிறோம் என்று போட்டார். நாலு பேரும் கையெழுத்திட்டார்கள். பக்கிரி மற்ற மூவர் கையெழுத்துக்கும் கீழே தனித்தனியாக இன்னொரு தரம் போட்டான்.

பேரூராட்சியிலிருந்து பதில் வரக் கொஞ்ச நாளானது. இன்னும் அடிக்காத புயலுக்கு நிவாரணம் வழங்க விதிகளில் இடமில்லை, ஆகவே தங்கள் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது என்று இருந்தது.

மாஸ்டர் முன்பகுதியை இரண்டு முறை படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. "வரிக்கு மட்டும்தான் தள்ளுபடி கேட்டோம். மனுவுக்கும் சேத்துக் கொடுத்திருக்காங்கடா."

நன்றி சொல்லாமல் இருந்தால் மனுஷத்தனம் இல்லை. கோட்டைத் துலக்கிப் போட்டுக்கொண்டு, முழு செட்டோடு பேரூராட்சிக்குக் கிளம்பினார்கள். டிரம்மில் அடித்த ஆணி வரவில்லை. பிடுங்கினால் சட்டம் பிளந்துவிடும் போலிருந்தது. ஆகையால் தூணில் கட்டிய கயிற்றை மட்டும் அவிழ்த்து, பெஞ்சோடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஆபீஸ் வராந்தாவில் நின்று மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்கும் உருப்படிகளை எல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் வாசித்தார்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். இறப்புச் சான்றிதழ் வாங்க வந்திருந்தவர்கள் முறைத்தார்கள். செயல் அலுவலர் தில்லைநாயகம் தனக்குத்தான் மாற்றல் ஆகிவிட்டது, வழியனுப்புகிறார்கள் என்று பயந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மங்கையர்க்கரசி வெளியே வந்து கடிதத்தை வாங்கிப் பார்த்தார். வரியைத் தள்ளுபடி செய்தால் நல்லது, மனுவைத் தள்ளுபடி செய்தால் கெட்டது என்று சொன்னார். ஒரே வார்த்தை எப்படி நல்லதாகவும் கெட்டதாகவும் இருக்கும் என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. ஆனால் நாளை மறுநாள் ஜப்திக்கு ஆள் வரும் என்று அவர் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. சன்னாசி பெஞ்சில் உட்கார்ந்து டிரம்மைக் கட்டிக்கொண்டான். அவன் அழவில்லை. டிரம்தான் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஒரு வழி இருக்கு," என்றார் மங்கையர்க்கரசி. "மேல்முறையீடு பண்ணுங்க. இந்தத் தடவை தாமதத்துக்கு உண்மையான காரணத்தைச் சொல்லுங்க. பாதியில நிறுத்தாம முழுசாச் சொல்லி முடிங்க. நாளைக்கே பண்ணிடணும்."

மேல் முறையீடு. இதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எவ்வளவு மேலே போய் முறையிடுவது என்பதில்தான் பேச்சு நடந்தது. லூர்துசாமி தென்னைமரம் என்றான். அதில் ஓர் ஆள்தான் ஏறி முறையிட முடியும், மனுவிலோ நாலு பேர். சன்னாசி கோயில் கோபுரம் என்றான். அங்கே முறையிட்டால் சாமிக்குத்தான் போகும், சாமி வீட்டு வரியில் தலையிடாது. கடைசியில் மாஸ்டரே கண்டுபிடித்தார்.

"தண்ணித் தொட்டி. பேரூராட்சிக்குன்னு சொந்தமா இருக்கிற மேல் அது ஒண்ணுதான்."

மறுநாள் காலை பஸ் நிலையத்தை ஒட்டியிருந்த மேல்நிலைத் தொட்டியில் நால்வரும் கோட்டு, தொப்பி, வாத்தியங்களோடு ஏறினார்கள். டிரம்மைப் பெஞ்சோடு கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். பெஞ்சு போட்டு டிரம்மை வைத்து, மாஸ்டர் கீழே பார்த்துக் கும்பிட்டுவிட்டு முறையிட ஆரம்பித்தார். ஒரு பத்தி படிப்பார். செட் ஒரு சரணம் வாசிக்கும். அடுத்த பத்தி.

தொட்டியில் நாலு பேர் ஏறினால் ஊர் என்ன நினைக்கும்? பஸ்கள் நின்றன. கடைகள் பாதிக் கதவைச் சாத்தின. குதிச்சிடாதீங்கப்பா என்று பெண்கள் கெஞ்சினார்கள். குதிப்பதற்கு என்ன அவசியம் என்று மாஸ்டருக்கு விளங்கவில்லை, ஏணி இருக்கிறதே. போலீஸ் வந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. செயல் அலுவலர் தில்லைநாயகம், விளம்பர ஆட்டோ ஒன்றைப் பிடித்து, அதன் மைக்கோடு வந்தார்.

எதுவானாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், தயவுசெய்து கீழே வாருங்கள் என்று அவர் மைக்கில் கெஞ்சினார்.

"கீழ வந்தா கீழ்முறையீடு ஆயிடுங்கய்யா," என்று மாஸ்டர் மேலிருந்து பணிவாகச் சொன்னார். "மேடம் மேல்னுதான் சொன்னாங்க. பாதியில நிறுத்தக் கூடாதுன்னும் சொன்னாங்க."

செயல் அலுவலர் மங்கையர்க்கரசியைத் திரும்பிப் பார்த்தார். அந்தம்மா தொட்டியின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, ஏன் அப்போதே விண்ணப்பிக்கவில்லை, அந்தக் காரணத்தையாவது சொல்லுங்கள் என்று அலுவலர் கேட்டார். மாஸ்டர் அதைத்தான் அடுத்த பத்தியில் எழுதிவைத்திருந்தார். நடந்தது இதுதான். புயல் ஓய்ந்த சில நாளில், கூரை போனவர்கள் எல்லோரும் உடனே மனு கொடுக்கலாம் என்று அறிவித்துக்கொண்டு ஒரு மைக் ஆட்டோ மேட்டுத்தெருவுக்கு வந்தது. ஆட்டோவில் கொடி கட்டியிருந்தது. கொடி கட்டி மைக் வைத்து ஒரு வண்டி மெதுவாக வருகிறதென்றால் அது ஊர்வலம். ஊர்வலத்துக்கு வாத்தியம் இல்லாமல் இருப்பது அவமரியாதை. நால்வரும் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி, ஆட்டோவுக்கு முன்னால் நின்று, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உயிரைக் கொடுத்து வாசித்தார்கள். ஒரு காசு கேட்கவில்லை.

"அதனால அறிவிப்பு எங்க காதுல விழலைங்கய்யா," என்று மாஸ்டர் முடித்தார். சன்னாசி டிரம்மில் ஓர் அடி கொடுத்தான்.

மேட்டுத்தெருக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். இட்லிக் கடைக்காரர் மெதுவாக, அவங்க காதுல மட்டுமா விழலை, எங்க காதுலயும்தான் விழலை என்றார். அப்போதுதான் தெருவுக்கே உறைத்தது. மேட்டுத்தெருவில் ஒருவருக்கும் நிவாரணம் வராததன் ரகசியம் தொட்டி உச்சியில் ஜால்ராவோடு நின்றுகொண்டிருந்தது.

அதுவரை குதிச்சிடாதீங்க என்று கெஞ்சியவர்களில் சிலர் குதிங்கடா என்றார்கள்.

நிலைமை கைமீறுவதைப் பார்த்த செயல் அலுவலர், மேட்டுத்தெரு முழுவதற்கும் முன்தேதியிட்டு வரித் தள்ளுபடியும் உதவித்தொகையும் வழங்கப்படும் என்று மைக்கில் அறிவித்தார். காரணம் நியாயமானதா என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. தீயணைப்பு வண்டியின் முன்பக்கத்தில் தாளை வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். திட்டியவர்களெல்லாம் கைதட்டினார்கள். இட்லிக் கடைக்காரர் நாலு பொட்டலம் கட்டி ஏணி வழியே அனுப்பினார்.

ஆனாலும் நால்வரும் இறங்கவில்லை. முறையீட்டில் இன்னும் இரண்டு பத்தி பாக்கி இருந்தது. அதையும் படித்து, மங்களமும் வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார்கள். டிரம்மையும் பெஞ்சையும் தீயணைப்பு வீரர்கள் வலையில் வைத்து, குழந்தையை இறக்குவதுபோல இறக்கிக் கொடுத்தார்கள். சன்னாசி வாங்கி அதன் தோலில் கன்னத்தை வைத்துக்கொண்டான். அன்றைக்குத்தான் அவன் ஒழுங்காகச் சாப்பிட்டான்.

ஆடி பிறந்ததும் உத்தரவும் பணமும் வந்தன. போன ஐப்பசி முதல் முன்தேதியிட்டு வரி தள்ளுபடி, போன ஐப்பசி முதல் முன்தேதியிட்டுக் கூரை உதவித்தொகை. இந்தத் தடவை போன ஐப்பசி என்று எழுத்திலேயே இருந்ததால் தாத்தாவைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. உடனே கொத்தனாரைப் பார்க்கலாம் என்று லூர்துசாமி எழுந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அலைவது அவனுக்கு அலுத்துவிட்டது.

"உக்காரு," என்றார் மாஸ்டர். "இது எந்த மாசத்துப் பணம்?"

"போன ஐப்பசி."

"இது எந்த மாசம்?"

"ஆடி."

"ஐப்பசிக்குன்னு கவர்மெண்டு கொடுத்த பணத்தை ஆடியில செலவு பண்ணினா அது மோசடி. நாளைக்கு ஆடிட்டு வந்தா நாலு பேரும் உள்ள போகணும். கூரையைப் போன ஐப்பசியிலதான் போடணும்."

இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கும் தலைவன் கிடைத்ததை எண்ணி மூவரும் பெருமைப்பட்டார்கள். நேராகக் கொத்தனார் அடைக்கலத்தின் வீட்டுக்குப் போனார்கள். அடைக்கலம் நல்ல வேலைக்காரர். பேச்சு குறைவு, கேட்பது அதைவிடக் குறைவு. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, வீட்டுக்குக் கூரை போடணும். போன ஐப்பசியில உங்களுக்குத் தோது எப்படி?"

போன ஐப்பசியில் பிழைப்பு எப்படி இருந்தது என்று விசாரிக்கிறார் என்று அடைக்கலம் எடுத்துக்கொண்டார். "அதை ஏன் கேக்குறீங்க மாஸ்டர். புயல் அடிச்சதும் ஊரே என் வாசல்ல வந்து நின்னுச்சு. சோறு திங்க நேரமில்லை."

நால்வர் முகமும் வாடிவிட்டது. மாஸ்டர் விடவில்லை. "கார்த்திகையில?"

"கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் அதே கதைதான்."

"அப்ப எப்பதான் சும்மா இருந்தீங்க?"

அடைக்கலம் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு யோசித்தார். "ஐப்பசிக்கு முந்தி, புரட்டாசியில. மாசம் பூரா சும்மாதான் கெடந்தேன். ஒருத்தனும் கூப்பிடலை."

"புரட்டாசியே இருக்கட்டும்," என்றார் மாஸ்டர். ஐப்பசிப் பணத்தைப் புரட்டாசியில் கொடுத்தால் அது முன்பணம்தானே, அதில் தப்பில்லை என்று மற்றவர்களுக்கு விளக்கினார். மொத்தப் பணத்தையும் அடைக்கலத்தின் கையில் வைத்தார். முழுக் கூலியையும் ஓட்டு விலையையும் முன்னாலேயே கொடுக்கும் மனிதரை அடைக்கலம் அதுவரை கண்டதில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஓடு இறக்கியதும் வருகிறேன் என்று அவர் சொன்னது, அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்ட இவர்களுக்குக் கேட்கவில்லை.

புதுக் கூரையைப் பார்க்கும் ஆசையில் நால்வரும் வேகவேகமாக வீட்டுக்கு வந்து, திண்டாடி ஏறி, உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார்கள்.

வானம் தெரிந்தது. ஒரு காக்கை குறுக்கே பறந்தது.

"கூரையைக் காணோமே மாஸ்டர்," என்றான் பக்கிரி.

அடைக்கலம் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டான், புரட்டாசியில் வரவே இல்லை என்று லூர்துசாமி ஆத்திரப்பட்டான். போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்றான் சன்னாசி. மாஸ்டர் கையைக் காட்டி அமர்த்தினார். கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அடைக்கலம் யோக்கியன். அவனைக் குத்தம் சொல்லாதீங்க. சொன்ன மாதிரி புரட்டாசியில போட்டிருக்கான். அடுத்த மாசமே புயல் அடிச்சதை மறந்துட்டீங்களா?"

மூவருக்கும் ஞாபகம் வந்தது. தங்கள் தலைக்கு மேலே ஒரு மாதம்கூட முழுதாக இருக்காமல் போன புதுக் கூரையை நினைத்து ஒருவருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. நல்ல கூரை, பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை என்றான் சன்னாசி.

மறுநாள் காலை அடைக்கலம் மினி லாரி நிறைய ஓடும் கைமரமும் ஏற்றிக்கொண்டு வாசலில் வந்து இறங்கினார். நால்வரும் துக்க வீட்டுக்காரர்கள் மாதிரி வரிசையாக வந்து நின்றார்கள். மாஸ்டர் கொத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மேஸ்திரி, மறுபடியும் செஞ்சு கொடுக்கணும்னு வந்திருக்கீங்க. அந்த மனசு போதும். உங்க வேலையில ஒரு குறையும் இல்லை. நீங்க நல்லாத்தான் போட்டிருந்தீங்க. காத்து அப்படி."

அடைக்கலம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், லாரியைச் சரக்கோடு திருப்பச் சொல்லி, அதன் வாடகையையும் தங்கள் கைப்பணத்திலிருந்து டிரைவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடைக்கலம் வெறும் சுவர்களைப் பார்த்தார். ஆகாயத்தைப் பார்த்தார். ஈரக் கண்ணோடு நிற்கும் நாலு பேரையும் பார்த்தார். இத்தனை பேர் இவ்வளவு வருத்தப்படுகிறார்கள் என்றால் எங்கேயோ தான்தான் தப்புச் செய்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"மன்னிச்சுக்கங்க மாஸ்டர்," என்றார், தலையைக் குனிந்துகொண்டு. "ரெண்டு ஆணி கூட அடிச்சிருக்கணும்."